வேலுத்தாயின் மூச்சு

மாவட்ட நூலகத்தின் நாளிதழ்ப் பகுதியில், ஊர்ப் பெரியவர்கள் ஆளுக்கொரு பக்கத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு அமைதியாக இருந்த ஒரு காலை நேரத்தில், நூலகர் அருளானந்தம் நாற்காலியில் உட்கார்ந்தபடியே ஓட ஆரம்பித்தார்.

கால்கள் ஓடவில்லை. அவை செருப்பைக் கழற்றிவிட்டு மேசைக்கு அடியில் நிம்மதியாக இருந்தன. கைகள் புத்தகங்களின் முதுகில் எண் ஒட்டிக்கொண்டிருந்தன. நெஞ்சு மட்டும் ஓடியது. முதலில் மெதுவாக, பிறகு வேகமாக, அப்புறம் வெறிநாய் துரத்துகிற மாதிரி. ஹா, ஹா என்று அவர் வாயிலிருந்து வந்த சத்தம் கூடம் முழுக்கக் கேட்டது. அவர் தலைக்கு மேல் அவரே தன் கையால் எழுதி மாட்டிய பலகை இருந்தது: 'மூச்சு விடக் கூடாது.' பேசக் கூடாது என்பதைத்தான் பத்து வருஷத்துக்கு முன்னால் அவர் அப்படி அழுத்தமாக எழுதி வைத்திருந்தார்.

ஒரு பெரியவர் விளையாட்டுப் பக்கத்தை இறக்கிப் பார்த்தார்.

"தண்ணி வேணுமா சார்?"

வேண்டாம் என்று அருளானந்தம் கையைக் காட்டினார். இது கொஞ்ச நேரத்தில் நின்றுவிடும் என்று அவருக்குத் தெரியும். எங்கேயோ ஒருவர் ஓடிக்கொண்டிருக்கிறார். அவர் நின்றால் இவரும் நிற்பார்.

முந்தைய கோடையில் கொட்டாவிக் காய்ச்சல் வந்தது. வந்தவர்கள் இரண்டு நாள் விடாமல் கொட்டாவி விட்டார்கள். மூன்றாம் நாள் காய்ச்சல் இறங்கியது. கூடவே மூச்சும் மறந்துபோனது. அருளானந்தம் பிழைத்துக்கொண்டார். ஆனால் எதையாவது கவனிக்க ஆரம்பித்தால் மூச்சு நின்றுவிடும். புத்தகத்தைத் திறந்தால் இரண்டாவது பத்தியில் உதடு நீலமாகும். தூங்கினால் அவ்வளவுதான். மருத்துவமனையில் அவர் மனைவி பிலோமினாவும் அவள் அண்ணனும் முறை வைத்துக்கொண்டு கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து, "இழுங்க... விடுங்க... இழுங்க..." என்று சொல்லிக்கொண்டே இருந்தார்கள்.

அப்போதுதான் டாக்டர் ரெஹானா வந்து விஷயத்தை விளக்கினார்.

"மூச்சை நீங்களும் விடலாம், ஒடம்பும் விடலாம். பேசறப்போ, பாடறப்போ, தண்ணிக்குள்ள முங்கறப்போ நீங்க பாத்துக்கறீங்க. மத்த நேரத்துல பின்னந்தலைக்குக் கீழ ஒரு எடம் பாத்துக்குது. ரத்தத்துல கரியமில வாயு ஏறுச்சுன்னா அந்த எடத்துல மணி அடிக்கும். உடனே நெஞ்சு காத்தை இழுக்கும். உங்களுக்கு அந்த மணி அடிக்க மாட்டேங்குது."

"மெஷின் வச்சு அடிக்க வைக்க முடியாதா டாக்டர்?" என்றாள் பிலோமினா.

"வச்சுப் பாத்தோம்மா. கடிகாரம் மாதிரி ஒரே சீரா விட்டா நுரையீரல் ஓரமெல்லாம் சுருங்கிருது. உயிரோட இருக்கறவங்க மூச்சு அப்படிச் சீரா இருக்காது. நடுநடுவுல ஒரு பெருமூச்சு வேணும், கொட்டாவி வேணும். அதெல்லாம் ஒரு ஆள்கிட்ட இருந்துதான் வரணும்."

அதற்காக வந்ததுதான் இணைமூச்சுத் திட்டம். நன்றாக மூச்சு விடுகிற ஒருவர் காதுக்குப் பின்னால் ஒரு பொட்டு ஒட்டிக்கொள்வார். அவர் நெஞ்சுக்குப் போகும் கட்டளையை அது கேட்டு அனுப்பும். நோயாளியின் தோள்பட்டைக்குக் கீழே தைத்து வைத்த சில்லு அதை வாங்கி இங்கே நடத்திக் காட்டும். கொடுப்பவருக்கு ஒரு நஷ்டமும் இல்லை. ரத்ததானத்தைவிடச் சுலபம், ஊசிகூடக் கிடையாது என்று விளம்பரம் செய்தார்கள். யார் மூச்சு யாருக்குப் போகிறது என்பதை மட்டும் சொல்ல மாட்டார்கள். ஆரம்பத்தில் சொல்லிப் பார்த்தார்களாம். எங்கள் ஆட்களில் யாருடைய மூச்சாவது இருந்தால் கொடுங்கள், இல்லையென்றால் கொஞ்சம் பொறுத்துக்கொள்கிறோம் என்று, பொறுக்கவே முடியாத நிலையில் படுத்திருந்தவர்களின் வீட்டார் கேட்டார்களாம்.

இப்படியாக அருளானந்தம் வீட்டுக்கு வந்து, வேலைக்கும் திரும்பி, முகம் தெரியாத ஒருவரின் மூச்சில் வாழ ஆரம்பித்தார்.

அந்த ஆள் விடிகாலையில் எழுந்து ஓடுகிறவர். அதனால் அருளானந்தம் தினமும் போர்வைக்குள் படுத்தபடி ஓடினார். மத்தியானம் அந்த ஆள் நன்றாகத் தூங்குகிறவர். அந்த நேரத்தில் இவர் ஏணியில் ஏறி மேல்தட்டுப் புத்தகத்தை எடுத்தால் தலை சுற்றியது. சிரித்தால் சாமானியத்தில் நிற்காத ஆள். கணவனை இழந்த ஓர் அம்மாள் நூலக உறுப்பினர் அட்டையைத் திருப்பிக் கொடுக்க வந்து கண்ணீர் விட்டபோது, அருளானந்தத்தின் நெஞ்சு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தது. முகத்தை எவ்வளவு சோகமாக வைத்துக்கொண்டும் பயன் இல்லை. அந்த அம்மாள் புகார் கொடுத்தாள்.

ஒரு வாரம் முழுக்கப் பெருமூச்சாக வந்தது. சாப்பிடும்போது, செய்தி கேட்கும்போது, ஜெபம் சொல்லும்போதெல்லாம் பெருமூச்சு. பிலோமினா தட்டைத் தள்ளி வைத்தாள்.

"யார நெனச்சுங்க இந்தப் பெருமூச்சு?"

"நான் நெனைக்கலடி. அந்த ஆளு நெனைக்குது."

"யாரு அது, ஆம்பளையா பொம்பளையா?"

"மூச்சுல எப்படித் தெரியும்?"

அவளுக்கு அது நல்ல பதிலாகப் படவில்லை.

உண்மை தெரிந்தது பிலோமினாவின் அண்ணன் வீட்டில், ஒரு புதுமனை புகுவிழாவன்று. பால் காய்ச்சி, சாப்பிட்டு முடித்து, ஆண்கள் எல்லாரும் கூடத்தில் பாயில் சாய்ந்து தொலைக்காட்சியில் பெண்கள் கபடிப் போட்டி பார்த்துக்கொண்டிருந்தார்கள். நேரடி ஒளிபரப்பு. அருளானந்தத்துக்குக் கபடியில் ஆர்வம் கிடையாது. வெற்றிலையை மடித்துக்கொண்டிருந்தவர் திடீரென்று, ஊதுபத்தியை அணைக்கிற மாதிரி வாயைக் குவித்து ஃபூ என்று நீளமாகக் காற்றை விட்டார். விட்டுக்கொண்டே இருந்தார். பிறகு கிணற்றிலிருந்து எழுந்தவர் போல ஆவென்று இழுத்தார்.

கொஞ்சம் தாமதித்து, திரையில் சிவப்புச் சட்டை போட்ட ஒரு பெண் எதிராளிகளிடமிருந்து தாவி நடுக்கோட்டைத் தொட்டாள். ஆவென்று மூச்சை இழுத்தாள்.

யாரும் கவனிக்கவில்லை. அந்தப் பெண் கபடி கபடி என்று மறுபடி பாடிப் போகும் முறை வந்தது. அருளானந்தம் ஓங்கித் தும்மினார். எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். திரும்பிய தலைகள் மறுபடி திரையை எட்டியபோது, அந்தப் பெண் கையில் இருந்த மண்ணைத் தட்டிவிட்டு ஓங்கித் தும்மினாள்.

பாயசம் எடுத்து வந்த பிலோமினா வாசற்படியிலேயே நின்றுவிட்டாள்.

"என்ன மாப்ள, அந்தப் பிள்ளைக்கு முன்னாடியே தும்முறீங்க?" என்றார் அவள் அண்ணன்.

"டிவில கொஞ்சம் லேட்டாத்தான்ணே வரும்," என்றாள் பிலோமினா மெதுவாக. "இவருக்குத்தான் உடனே வருது."

அதன் பிறகு அந்த வீட்டில் ஒருவரும் தொலைக்காட்சி பார்க்கவில்லை. எல்லாரும் அருளானந்தத்தின் நெஞ்சைப் பார்த்தார்கள். அவர் ஃபூ என்று ஆரம்பித்தால், "போய்ட்டா, போய்ட்டா" என்றார்கள். ஆவென்று இழுத்தால் பிழைத்துத் திரும்பிவிட்டாள் என்று கைதட்டினார்கள். அதற்குப் பிறகே திரையில் அது நடந்தது. ஒரு தடவை அவர் நெஞ்சு நடுவிலேயே உம்மென்று அடைத்துக்கொண்டது. "அமுக்கிட்டாளுக!" என்று மச்சான் தலையில் அடித்துக்கொண்டார். திரையில் நான்கு பேர் அந்தப் பெண்ணின் மேல் விழுந்தார்கள்.

பெயர் வேலுத்தாய் என்று வர்ணனையாளர் சொன்னார். ஆண்டிபட்டிப் பக்கத்துப் பெண்.

"அது சரி, பிள்ளை எந்த ஆளுக?" என்றார் மச்சான், பாயசத்தை உறிஞ்சியபடி.

"மூச்சு விடுற ஆளுக," என்றாள் பிலோமினா.

அடுத்த வாரம் அருளானந்தம் நூலகத்தின் மாடிப்படியில் மயங்கி விழுந்தார். கையில் இருந்த கலைக்களஞ்சியம் தலைக்கு அணையாக விழுந்ததால் மண்டை தப்பியது. விழுந்தது எதனால் என்று இப்போது அவருக்குத் தெரியும். எங்கேயோ ஒரு மைதானத்தில் அந்தப் பெண் மூச்சு இழுக்காமல் பாடிப் போயிருக்கிறாள். இவர் படியேறியிருக்கிறார். வேறு ஆளின் மூச்சுக்கு மாற்றிக் கொடுங்கள் என்று டாக்டரிடம் கேட்டார். மாற்றலாம், ஆனால் புது மூச்சுக்குச் சில்லு பழகும்வரை தூங்காமல் விழித்திருந்து தானே இழுத்து விட வேண்டும், காய்ச்சலில் பாதி போன நுரையீரலுக்கு அது ஆகாது என்றார் டாக்டர்.

வேறு வழியில்லாமல், விதியை மீறி, கணவனும் மனைவியும் ஆண்டிபட்டிக்குப் பஸ் ஏறினார்கள்.

பள்ளிக்கூட மைதானத்தில் வேலுத்தாய் பயிற்சி செய்துகொண்டிருந்தாள். உயரம் குறைவு, தோள் அகலம். காதுக்குப் பின்னால் சின்ன வட்டமாகப் பொட்டு மின்னியது. ஓடி முடித்து இடுப்பில் கைவைத்து மூச்சு வாங்கிக்கொண்டு நின்றவள், வேலிக்கு வெளியே வேட்டி கட்டிய ஒருவர் அதே மாதிரி இடுப்பில் கைவைத்து மூச்சு வாங்கிக்கொண்டு நிற்பதைப் பார்த்தாள்.

தன்னைக் கேலி செய்கிறார் என்றுதான் முதலில் நினைத்தாள்.

"யாருய்யா நீ?"

"நீ விடுற மூச்சு எனக்குத்தாம்மா வருது," என்றார் அருளானந்தம்.

வேலுத்தாய்க்குக் கொஞ்ச நேரம் ஒன்றும் புரியவில்லை. புரிந்ததும் அவள் கை தானாகக் காதுக்குப் பின்னால் போனது. அவள் மூச்சை அடக்கினாள். அவருடைய நெஞ்சும் நின்றது. பயந்து அவள் மூச்சை விட்டாள். அவரும் விட்டார்.

"ஐயோ சாமி," என்று தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

பிலோமினா பக்கத்தில் உட்கார்ந்து, படியில் விழுந்த கதையைச் சொன்னாள். அம்மாள் அழுத கதையையும் சொன்னாள். அதைக் கேட்டு வேலுத்தாய்க்குச் சிரிப்பு வந்தது. அருளானந்தமும் குலுங்கிச் சிரித்தார். அது யாருடைய சிரிப்பு என்று மூன்று பேருக்கும் தெரியவில்லை.

"ரத்தம் குடுக்குற மாதிரின்னுதான் சொன்னாக," என்றாள் வேலுத்தாய். "ரத்தம் குடுத்தா அது போன எடம் நமக்குத் தெரியாதுல்ல. எங்க அக்காளுக்கும் இந்தக் காச்சத்தான் சார். அப்ப இந்தப் பொட்டெல்லாம் வரல. நான்தான் பக்கத்துல உக்காந்து இழு, விடுன்னு சொல்லிட்டு இருந்தேன். கண்ணு அசந்துட்டேன். அதான், பொட்டுன்னு ஒண்ணு வருதுன்ன ஒடனே மொத ஆளாப் போய் ஒட்டிக்கிட்டேன்."

அருளானந்தம் என்ன கேட்க வந்தாரோ அதைக் கேட்கவில்லை. பிலோமினாதான் கேட்டாள்.

"கொஞ்ச நாளைக்கு மட்டும் நீ வெளையாடாம இருக்க முடியுமாம்மா?"

"அடுத்த மாசம் ஃபைனலுங்கம்மா."

"அதுக்கப்புறம்?"

"அதுல ஜெயிச்சா போலீஸ்ல வேலை. அங்கயும் வெளையாட்டுக்குத்தான் எடுப்பாக." அவள் புல்லைப் பிடுங்கினாள். "நான் எப்படி இருக்கணும்னு சொல்லுங்க. ஓடக் கூடாதா? சாமத்துல கெட்ட கனாக் கண்டா என்ன செய்ய?"

பஸ்ஸில் திரும்பி வரும்போது அருளானந்தத்தின் மூச்சு மிகவும் ஒழுங்காக, பள்ளிப் பிள்ளை கைகட்டி நிற்கிற மாதிரி போய்ப் போய் வந்தது. அவருக்கு அது பிடிக்கவில்லை.

அந்த ஒழுங்கு அப்படியே நீடித்தது. விடிகாலை ஓட்டம் நின்றது. சிரிப்பு நின்றது. ஏணியில் ஏறலாம், படியில் இறங்கலாம். நூலகத்தில் மறுபடி அமைதி வந்தது. ஒரு நாள் அந்த அமைதிக்குள் முறுக்கு மீசை வைத்த ஒருவர் செருப்புக் காலோடு நுழைந்தார்.

"இங்க யாருய்யா அருளானந்தம்?"

கூடம் முழுக்கத் தலைகள் நிமிர்ந்தன. அருளானந்தம் பலகையைச் சுட்டினார். வந்தவர் பலகையைப் படித்தார். அதற்கு மேல் பேசிய எல்லாவற்றையும் கிசுகிசுப்பாகவே பேசினார். ஆனால் கோபம் ஒன்றும் குறையவில்லை.

"நான் ஒச்சப்பன். வேலுத்தாய் கோச்சு. சண்டை போட வந்திருக்கேன்."

"போடுங்க. மெதுவாப் போடுங்க."

"நீங்க வந்துட்டுப் போன நாள்லருந்து அந்தப் பிள்ளைக்கு மூச்சு தெரிஞ்சுபோச்சு சார்."

"தெரிஞ்சுபோச்சுன்னா?"

"நமக்கெல்லாம் மூச்சு தெரியாது. அது பாட்டுக்குப் போகும், வரும். அதுக்கு இப்ப எந்நேரமும் தெரியுது. திங்கிறப்பத் தெரியுது, படுக்கிறப்பத் தெரியுது. இழு, விடுன்னு அதுவே சொல்லிக்கிட்டுத் திரியுது. பாடிப் போனா எதிராளி மேல கை வைக்கிறதுக்கு முன்னாடியே திரும்பி ஓடியாந்துருது. ஏன்டின்னா, 'அந்த ஐயா படியேறிக்கிட்டு இருந்தா என்ன பண்றது'ங்குது. நான் அதுக்குக் கபடி சொல்லிக் குடுக்கவா, இல்ல உங்க வீட்டுப் படியப் பாத்துக்கவா?"

கிசுகிசுப்பின் முடிவில் அவர் கண் கலங்கிவிட்டது. மேசை மேல் இருந்த பழைய வார இதழை எடுத்து விசிறிக்கொண்டார்.

அருளானந்தம் ஒட்ட எடுத்த எண் சீட்டைக் கீழே வைத்தார். ஏற்கெனவே ஒருவருடைய மூச்சை வாங்கிக்கொண்டிருந்தோம். இப்போது போய் அதைக் கெடுத்தும் விட்டு வந்திருக்கிறோம் என்று தோன்றியது. தன் வாழ்நாளில் முதல் தடவையாக நூலகத்துக்குள் உட்கார்ந்து கைப்பேசியில் பேசினார்.

"வேலுத்தாயி, நான் பேசுறேன்மா. ஃபைனலுக்கு நான் வாரேன். உனக்குத் தெரியுற எடத்துல உக்காந்துக்கறேன். நீ பாடிப் போறப்பெல்லாம் நான் முழிச்சுக்கிட்டு என் மூச்சை நானே விட்டுக்கறேன். விட முடியும்மா, டாக்டரே சொல்லியிருக்காங்க. நெனப்பு மட்டும் இருந்தாப் போதும். நீ என் நெனப்பை விட்டுரு."

பதிலாக அவர் நெஞ்சில், பல நாள் கழித்து, ஒரு பெரிய பெருமூச்சு ஏறி இறங்கியது.

இறுதிப் போட்டி திண்டுக்கல்லில். சாயங்கால வெயில் இன்னும் தணியவில்லை. அருளானந்தமும் பிலோமினாவும் ஆடுகளத்தை ஒட்டிய முதல் வரிசைப் பலகையில் உட்கார்ந்திருந்தார்கள். வேலுத்தாய் முதல் தடவை பாடிப் போகும்போது ஒரு பார்வை பார்த்தாள். அருளானந்தம் கட்டை விரலை உயர்த்திக் காட்டினார்.

"இழுங்க," என்றாள் பிலோமினா. அவர் இழுத்தார். சில்லு விடு விடு என்று நெஞ்சை அமுக்கியது. அதை மீறி இழுப்பது, எதிர்க்காற்றில் சைக்கிள் மிதிப்பது போல இருந்தது. "விடுங்க. இழுங்க."

பின்வரிசையில் சுண்டல் தின்றுகொண்டிருந்த ஒருவர் குனிந்து கேட்டார். "என்னம்மா, பிரசவமா?"

பிலோமினா சுருக்கமாகச் சொன்னாள். அவருக்கு அது நியாயமாகப் பட்டது. அடுத்த தடவை வேலுத்தாய் போனபோது அவரும் சேர்ந்துகொண்டார். அவர் மனைவி சேர்ந்துகொண்டாள். இடைவேளைக்குள் அந்தப் பக்கம் பூராவும் விஷயம் பரவி, வேலுத்தாய் நடுக்கோட்டைத் தாண்டினால் நான்கு வரிசைக்காரர்கள் ஒரே குரலில் "இழு! விடு!" என்று கத்தினார்கள். எதிரணியினர், இது ஏதோ ஆட்டத் தந்திரம் என்று நடுவரிடம் முறையிட்டார்கள். பார்வையாளர்கள் மூச்சு விடுவதைத் தடுக்க விதி இல்லை என்றார் நடுவர்.

வேலுத்தாய் அன்று ஆடிய ஆட்டத்தை ஒச்சப்பன் அதற்கு முன்னால் பார்த்ததில்லை. அருளானந்தம் எந்த ஆட்டத்தையுமே நேரில் பார்த்ததில்லை. ஆனால் பார்க்கப் பார்க்க அவருக்கு ஏதோ ஆனது. அவள் தோள் எந்தப் பக்கம் சாயும், எந்தக் காலை நீட்டுவாள் என்பதெல்லாம் அவருக்கு முன்கூட்டியே தெரிந்தது. எட்டி உதைக்கும் முன் அவள் வயிறு இறுகுவது அவர் வயிற்றில் இறுகியது. தொடாதே, திரும்பு, இப்போது தொடு என்று அவர் உதடு முணுமுணுத்தது.

ஆட்டம் முடியும் தறுவாயில் இரண்டு அணியும் சமம். கடைசியாக வேலுத்தாய் பாடிப் போனாள். கபடி கபடி கபடி என்ற அவள் குரல் மட்டும் கேட்டது. கூட்டம் இழு விடு என்பதை மறந்துவிட்டது. பிலோமினாவும் மறந்தாள். எதிரணியின் மூன்று பேர் கையைக் கோத்துக்கொண்டு மெல்ல வளைத்தார்கள். அவள் மூலைக்குப் போனாள். இன்னும் போனாள். அருளானந்தம் எழுந்து நின்றுவிட்டார். கண் இமைக்கவில்லை. மூச்சு என்று ஒன்று உண்டு என்பதே அவருக்கு நினைவில் இல்லை.

முதலில் ஓரங்கள் இருண்டன. பிறகு சிவப்புச் சட்டை மட்டும் தெரிந்தது. பிறகு அதுவும் மங்கியது. அவர் பக்கவாட்டில் சரிந்து பிலோமினாவின் மடியில் விழுந்தார். "ஐயையோ!" என்று அவள் போட்ட சத்தம் மைதானத்தைத் தாண்டிக் கேட்டது.

அந்த மூலையிலிருந்து வேலுத்தாய் திரும்பிப் பார்த்தாள்.

அடுத்த கணம் அருளானந்தத்தின் நெஞ்சுக்குள் காற்று வந்தது. ஒரே ஒரு இழுப்பு. குறுகலான, திருட்டுத்தனமான, ஆனால் அடிவயிறு வரைக்கும் போன இழுப்பு. மறுபடி ஃபூ என்று நீண்ட வெளிமூச்சு. அவர் கண் திறந்தபோது வேலுத்தாய் மூன்று பேரையும் தொட்டுவிட்டு அவர்கள் தலைக்கு மேலே பறந்து நடுக்கோட்டில் விழுந்தாள். அவள் வாய் கபடி கபடி என்று விடாமல் சொல்லிக்கொண்டேதான் இருந்தது. விசில் ஊதியது. கூட்டம் தடுப்பை உடைத்துக்கொண்டு இறங்கியது. ஒச்சப்பன் மண்ணில் புரண்டு அழுதார்.

பாடிப் போகிறவள் நடுவில் மூச்சு எடுத்தால் அவள் அவுட், புள்ளி எதிரணிக்கு. கபடியைப் பற்றி ஒன்றும் தெரியாத அருளானந்தத்துக்கு அது ஒன்று மட்டும் தெரியும். கடந்த பல மாதங்களாக அவர் நெஞ்சு அந்த விதிக்கு உட்பட்டுத்தான் இயங்கி வந்தது. அத்தனை ஆயிரம் பேர் கூடிய மைதானத்தில், நடுவருக்குத் தெரியாமல், கேமராவுக்குத் தெரியாமல், அவள் இழுத்த ஒரு மூச்சு அவருக்கு மட்டும் தெரியும்.

"சரியாயிருச்சா? நல்லா இருக்கீங்களா?" என்று பிலோமினா அவர் முகத்தைத் துடைத்தாள்.

"இருக்கேன்," என்றார் அருளானந்தம்.

பரிசளிப்புக்கு மேசை போட்டு, மேல் துணி விரித்து, கோப்பையை நடுவில் வைத்தார்கள். எதிரணிப் பெண்கள் ஓரமாக முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அவர்களின் தலைவி ஜெர்சியை முகத்தில் மூடிக்கொண்டிருந்தாள். வேலுத்தாயை மேடைக்கு அழைத்து இரண்டு வார்த்தை பேசச் சொன்னார்கள். அவள் ஒலிவாங்கியை வாங்கினாள்.

அருளானந்தத்தின் நெஞ்சில் மெல்ல, விலாவெல்லாம் விரிய, காற்று நிறைந்தது. சிரிப்பதற்கு முன்னும் அழுவதற்கு முன்னும் அவள் மூச்சு எப்படி இருக்கும் என்று அவருக்குத் தெரியும். இது இரண்டும் இல்லை. அவர் பிலோமினாவின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"கடைசிப் பாட்டுல நான் நடுவுல மூச்சு இழுத்துட்டேன்," என்றாள் வேலுத்தாய். "நான் அவுட்டு."

முதலில் கூட்டம் சிரித்தது. பிறகு சிரிப்பு அடங்கியது. ஒச்சப்பன் மேடைக்கு ஓடினார். "பிள்ளைக்குக் களைப்பு, என்னமோ ஒளறுது" என்று ஒலிவாங்கியைப் பிடுங்கப் பார்த்தார். தலைமை நடுவர் கையைக் காட்டி அவரை நிறுத்தினார். நடுவர் முகம் சிவந்திருந்தது.

"பாட்டு விடல. நான் கேட்டுக்கிட்டுத்தான் இருந்தேன். எங்க காதுல விழாதது தப்புக் கணக்குல வராதும்மா."

"வராட்டியும் இழுத்தேன் சார்."

"நீ சொன்னா ஆச்சா? சாட்சி வேணும்ல?"

வேலுத்தாய் கையை நீட்டி முதல் வரிசையைக் காட்டினாள்.

"அவருக்குத் தெரியும்."

மைதானம் மொத்தமும் திரும்பியது. தொலைக்காட்சிக் கேமராக்களும் திரும்பின. பின்வரிசைச் சுண்டல்காரர் மரியாதையாக ஒதுங்கி இடம் விட்டார். யாரோ ஓடி வந்து அருளானந்தத்தின் கையில் இன்னொரு ஒலிவாங்கியைத் திணித்தார்கள். மேடை ஓரத்தில் ஒச்சப்பன் இரண்டு கையையும் கூப்பியபடி, வேண்டாம் வேண்டாம் என்று தலையை ஆட்டினார். இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். கோப்பை அவள் கையில் இருக்கும், வேலை இருக்கும். கூடவே, பொய் சொன்னவள் என்ற பெயரும் அவளுக்கு இருக்கும். அவருக்காக இழுத்த மூச்சுக்குக் கூலியாக அவள் அதை வாங்கிக்கொண்டதாகவும் ஆகும்.

"யோசிச்சுச் சொல்லுங்க," என்றாள் பிலோமினா.

மேடையில் வேலுத்தாய் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றாள். அவர் நெஞ்சும் அசையாமல் நின்றது. பேச வேண்டுமென்றால் அவரேதான் இழுத்தாக வேண்டும். அருளானந்தம் எதிர்க்காற்றில் சைக்கிளை மிதித்தார். இழுத்தார்.

"இழுத்துச்சு," என்றார். "ஒரு தடவை. நெசம்."

இரைச்சல் எழ ஒரு கணம் ஆனது. அந்தக் கணத்தில், மேடையில் அவள் அடக்கி வைத்திருந்த மூச்சை விட்டாள். அது அவர் வழியாகவும் வெளியே போனது. நீளமாக, கடைசிச் சொட்டு வரைக்கும். அதற்கு முன்னால் ஒருநாளும் அவர் அவ்வளவு லேசாக மூச்சு விட்டதில்லை.

கோப்பை மேசையில் எதிரணி இருந்த பக்கத்துக்கு நகர்ந்தது. எதிரணித் தலைவி முகத்திலிருந்து ஜெர்சியை விலக்கிவிட்டு, யார் என்ன சொன்னார்கள் என்று புரியாமல் எழுந்து வந்தாள்.